டவுண் சின்ட்ரோம் உள்ள என் தம்பிக்கு சம்பளத்தோட ஒரு வேலை கெடைக்குமா?

கேள்வி: ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்னுல இருந்து எழுதுறேன், நான் முன்பள்ளி டீச்சரா இருக்கேன். தம்பிக்கு 26 வயசு, டவுண் சின்ட்ரோம். 14 வயசு வரைக்கும் ஸ்கூல்ல விசேட கல்விப் பிரிவுல இருந்தாரு, அதுக்கப்புறம் வீடுதான். இப்போ ஒரு வருஷமா பஜார்ல ஒரு மொத்தக் கடையில மூட்டை எறக்குறாரு, பகல் சாப்பாடும் 300 ரூபாயும் குடுக்குறாங்க, சில நாள் அதுவும் இல்ல. சும்மா இருக்குறதுக்கு இது பரவாயில்லன்னு அம்மா சொல்றாங்க, எனக்கு மனசு கேக்கல. கொஞ்ச நாளா மத்தியானத்துக்கு மேல தூங்கி விழுறாரு, சோம்பேறியாயிட்டான்னு கடையில ஏசுறாங்களாம். வீட்டுல எல்லாம் நல்லா செய்வாரு, வெறகைக் கூட நீளம் பார்த்து அடுக்கித்தான் வைப்பாரு. கொழும்புப் பக்கம் விடுதியில தங்கிப் படிக்க அனுப்பச் சொல்றாங்க, அம்மா விடமாட்டேங்குறாங்க. வேலைக்குப் போனா அரசாங்கக் கொடுப்பனவு நின்னுடுமோன்னும் பயமா இருக்கு. அப்பா அம்மாவுக்குப் பொறகு இவரு கதி என்னன்னு நெனச்சா தூக்கம் வருதில்ல.

பதில்: தங்கச்சி, கெடைக்கும். டவுண் சின்ட்ரோம் உள்ளவங்க சம்பளத்துக்கு வேலை செய்யுறத நானே பார்த்திருக்கேன், வேலை செய்யுற எடத்துல அவங்களுக்குப் பக்கத்துல நின்னு பழக்கிக் குடுக்குறதுதான் ஒரு தொழில்வழிச் சிகிச்சையாளரா என்னோட வேலையும். ஆனா அதப் பத்திப் பேசுறதுக்கு முன்னாடி ஒன்னு சொல்லிடுறேன், இத மட்டும் தள்ளிப் போடாதீங்க. மூட்டை தூக்குறத நாளைக்கே நிப்பாட்டுங்க.

காரணம் காசு மட்டுமில்ல. டவுண் சின்ட்ரோம் உள்ள சில பேருக்கு கழுத்துல மேல் ரெண்டு எலும்பும் சேருற எடம் லூசா இருக்கும், வெளியில ஒன்னும் தெரியாது, தலையிலயோ பிடரியிலயோ பாரம் ஏத்துனா முள்ளந்தண்டுக்குள்ள போற நரம்பு நசுங்குற ஆபத்து இருக்கு. அதோட டவுண் சின்ட்ரோமோட பொறக்குற புள்ளைங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இருதயத்துலயும் ஏதாவது கொறை இருக்கும், தம்பிக்கு சின்ன வயசுல எக்கோ, அதான் இருதய ஸ்கேன், பார்த்தாங்களான்னு அம்மாகிட்ட கேளுங்க. தூங்கி விழுறாருன்னு எழுதியிருக்கீங்களே, அத சோம்பேறித்தனம்னு யாரும் சொல்ல விடாதீங்க. இவங்களுக்கு தைரொய்ட் கொறையுறது ரொம்ப சாதாரணமா வர்ற ஒன்னு, வந்தா உடம்பு கனக்கும், தூக்கம் வரும், வேலை மந்தமாகும். அதே மாதிரி ராத்திரி குறட்டை விட்டு மூச்சு அடைபட்டு அடைபட்டுத் தூங்குறவங்களும் நெறைய, அப்படித் தூங்குனா பகல்ல கண்ணு சொருகத்தானே செய்யும். காது கேக்குறது கொறையும், கண்ணுல பொரை சீக்கிரமே வரும். டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரிக்கோ நுவரெலியாவுக்கோ ஒருநாள் கூட்டிட்டுப் போய் தைரொய்டுக்கு ரத்தம், காது, கண்ணு, கழுத்து, இருதயம் இந்த அஞ்சையும் பார்க்கணும்னு டொக்டர்கிட்ட பேர் சொல்லிக் கேளுங்க, குறட்டை விஷயத்தையும் சொல்லுங்க. தைரொய்டுன்னா நாளாந்தம் குளிசை போட்டா சரியாகுற விஷயம், அதுக்காக ஒரு மனுசன் இத்தனை நாளா ஏச்சு வாங்கியிருந்தா அத நெனச்சாலே வயிறு எரியுது.

இப்போ வேலைக்கு வருவோம். உங்க லெட்டர்ல நீங்க போகுற போக்குல எழுதுன ஒரு வரிதான் எனக்கு முக்கியமாப் பட்டுச்சு, வெறகை நீளம் பார்த்து அடுக்குறாருன்னீங்களே, அது. யாரும் சொல்லாம, யாரும் சம்பளம் குடுக்காம, தானா ஒவ்வொரு நாளும் ஒருத்தர் செய்யுறது எதுவோ அங்க இருந்துதான் வேலை தேடத் தொடங்கணும். நம்ம ஆளுங்க தலைகீழாத் தேடுறாங்க, எங்க ஒரு வேலை காலியா இருக்கோ அதுக்குள்ள புள்ளையத் திணிக்கப் பார்க்குறாங்க, அது பொருந்தலன்னா புள்ளைக்கு ஏலாதுன்னு முடிவு கட்டிடுறாங்க. தம்பி அளவு பார்த்துப் பிரிப்பாரு, வரிசையா அடுக்குவாரு, ஒரே வேலைய அலுக்காமத் திரும்பத் திரும்பச் செய்வாரு. இது மூனும் எந்த வேலைக்கு வேணும்னு நம்ம மலைநாட்டையே ஒரு சுத்து சுத்திப் பாருங்க. நுவரெலியா, நானுஓயா, கந்தப்பளைப் பக்கம் கெரட் கழுவி சைஸ் பிரிச்சு பேக் பண்ணுற எடங்கள் இருக்கு, லீக்ஸ் கட்டுற எடங்கள் இருக்கு. ஹோட்டல், பங்களா, ரெஸ்ட் ஹவுஸ்னு எத்தனை, அங்கெல்லாம் பெட்ஷீட்டும் டவலும் மடிச்சு மடிச்சு ஒரு ஆளு நாரி ஒடிஞ்சு நிக்குது. தேயிலை நர்சரியில பொலித்தீன் பைக்கு மண் நெரப்பி வரிசையா வைக்கணும். தேயிலைத் தூள் சின்னச் சின்ன பெக்கட்டா அடைக்குற எடங்கள், பேக்கரியில கேக் பெட்டி மடிக்குறது, லைப்ரரியில புத்தகம் நம்பர் படி அடுக்குறது, இப்படி நான் சொல்லிக்கிட்டே போகலாம். ஆனா எதுன்னு முடிவு பண்ண வேண்டியது நானும் இல்ல, நீங்களும் இல்ல, அம்மாவும் இல்ல.

உங்க லெட்டர் ரெண்டு பக்கம் இருக்கு, அதுல தம்பி என்ன சொல்றாருன்னு ஒரு வரி கூட இல்ல தங்கச்சி. குத்தமா சொல்லல, எங்ககிட்ட வர்ற லெட்டர் எல்லாமே அப்படித்தான் இருக்கும், 26 வயசு ஆளப் பத்தி எல்லாரும் பேசுவாங்க, அவரத் தவிர. அவருகிட்ட கேளுங்க. ஆனா "வேலைக்குப் போறியா?"ன்னு கேக்காதீங்க, "ஆமா"ன்னுதான் சொல்லுவாரு, இவங்கள்ல நெறையப் பேரு கேக்குறவங்க முகத்தப் பார்த்து அவங்களுக்குப் புடிச்ச பதிலச் சொல்லிப் பழகிட்டாங்க. கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. ஒரு சனிக்கிழமை கெரட் கழுவுற எடத்துல ஒரு மணித்தியாலம் நின்னு பார்க்கட்டும், இன்னொரு சனிக்கிழமை தெரிஞ்ச ஹோட்டல்ல துணி மடிக்குற எடத்துல நிக்கட்டும், போன்ல படம் எடுத்துக்குங்க. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் கழிச்சு ரெண்டு படத்தையும் முன்னாடி வச்சு எது வேணும்னு காட்டச் சொல்லுங்க, மறுபடி ஒரு கிழமை கழிச்சு படத்த எடம் மாத்தி வச்சுக் கேளுங்க. ரெண்டு தடவையும் ஒரே படத்துல கைய வச்சாருன்னா அதுதான் பதில். எங்க சத்தம் அதிகமா இருந்தப்போ காதப் பொத்துனாரு, எங்க யாரும் சொல்லாம கைய நீட்டி உதவி செய்யப் போனாரு, இதெல்லாம் ஒரு கொப்பியில எழுதி வைங்க, முதலாளிகிட்ட பேசப் போறப்போ அந்தக் கொப்பிதான் உங்களுக்குப் பலம்.

"இவருக்கு எண்ணத் தெரியாதே, எழுதத் தெரியாதே"ன்னு அம்மா சொல்லலாம். நான் பழக்கிக் குடுத்த ஒரு பையன், பண்டாரவளைப் பக்கம், மசாலாத் தூள் பெக்கட் அடைக்குற எடம். அவருக்கு நாலுக்கு மேல எண்ண வராது, ஆனா ஒரு பெட்டிக்குள்ள 12 பெக்கட் போகணும். நாங்க ஒரு பலகையில பெக்கட் சைஸுக்கு 12 கட்டம் கோடு போட்டுக் குடுத்தோம். கட்டத்துக்கு ஒன்னு வைப்பாரு, கட்டம் எல்லாம் நெறைஞ்சா அள்ளிப் பெட்டிக்குள்ள அடுக்குவாரு, பலகை காலியாகும், மறுபடி தொடங்குவாரு. எண்ணவே தேவையில்ல. மத்தவங்க கதைச்சுக்கிட்டே எண்ணுறதுல 11, 13ன்னு ஆகும், இவரு பெட்டியில அந்தப் பெழ வர்றதில்ல, கொஞ்ச நாள்ல அந்தப் பலகையப் பக்கத்துல இருந்த ரெண்டு அக்காமாரும் தங்களுக்கும் கேட்டு வாங்கிட்டாங்க. நிறுக்குறதுக்கு என்ன செஞ்சோம்னா தராசுல எண் தெரியுற எடத்துக்குப் பக்கத்துல சரியான எண்ண பெருசா எழுதி ஒட்டுனோம், ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா மூடு, வேற மாதிரி இருந்தா ஒரு கரண்டி எடு இல்லாட்டிப் போடு. எண் படிக்கத் தெரிய வேணாம், ஒரே மாதிரி இருக்கான்னு பார்க்கத் தெரிஞ்சா போதும், வெறகை நீளம் பார்த்து அடுக்குறவருக்கு அது தெரியாதா?

இது நானா கண்டுபுடிச்ச வித்தை இல்ல. 1970கள்லயே அமெரிக்காவுல மார்க் கோல்ட்னு ஒருத்தரு, எதுக்கும் லாயக்கில்லன்னு ஒதுக்கி வச்சிருந்த, அறிவு வளர்ச்சி ரொம்பக் கொறைஞ்ச ஆளுங்களுக்கு சைக்கிள் பிரேக் பூட்டப் பழக்கிக் காட்டுனாரு. சின்னச் சின்ன பார்ட்ஸா இருக்கும், வரிசை மாறுனா பிரேக் வேலை செய்யாது. அவரு பேசிப் பேசிச் சொல்லிக் குடுக்கல, வேலையச் சின்னச் சின்னத் துண்டா ஒடைச்சு, கையப் புடிச்சுக் காட்டி, ஒரு துண்டு வந்தப்பொறகு அடுத்த துண்டுக்குப் போனாரு, ஒரு வழியில வரலன்னா ஆளக் குத்தம் சொல்லாம வேற வழியில சொல்லிக் குடுத்தாரு. வேலை வரலன்னா அது பழக்குறவரோட பொறுப்புன்னு அவரு சொன்னத நான் இன்னைக்கும் நம்புறேன்.

அதனாலதான் விடுதிப் படிப்பு விஷயத்துல நான் அம்மா பக்கம். சமூக சேவைகள் திணைக்களத்துக்கு சீதுவையில, கண்டி மாவட்டத்துல வத்தேகமையில எல்லாம் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கு, கை கால் ஊனம், காது கேக்காதவங்க நெறையப் பேரு அங்க படிச்சு நல்லா வந்திருக்காங்க, கொறை சொல்ல மாட்டேன். ஆனா தம்பி மாதிரி ஆளுங்களுக்கு ஒரு எடத்துல படிச்சத இன்னொரு எடத்துக்குக் கொண்டு போறதுதான் கஷ்டம், பயிற்சி நிலையத்துல மடிச்ச மாதிரி ஹோட்டல்ல மடிக்க வராது, மேசை வேற, ஆளு வேற, சத்தம் வேற. அதுக்கு மேல தமிழ் மட்டும் தெரிஞ்ச ஒருத்தர சிங்களத்துல சொல்லிக் குடுக்குற எடத்துல கொண்டு விட்டா அவரு என்ன செய்வாரு, வாய மூடிக்கிட்டு மூலையில இருப்பாரு, போன கொஞ்ச நாள்லயே பெட்டியோட திருப்பி அனுப்புவாங்க. முதல்ல வேலையில சேர்த்து அங்கேயே நின்னு பழக்குறதுதான் இவங்களுக்குச் சரி. பயிற்சிதான் வேணும்னு முடிவு பண்ணாலும், எந்த மொழியில, தங்குற எடத்துல ராத்திரி யாரு பொறுப்பு, முடிச்சவங்கள்ல டவுண் சின்ட்ரோம் உள்ள எத்தனை பேரு இப்போ வேலையில இருக்காங்கன்னு கேட்டுட்டு அனுப்புங்க.

இன்னொன்னும் உங்ககிட்ட வந்து சொல்லுவாங்க, மெழுகுவர்த்தி செய்யச் சொல்லுவாங்க, கால்மிதி பின்னச் சொல்லுவாங்க, சுயதொழில்னு கோழிக்குஞ்சு குடுப்பாங்க. ஒரு நாளைக்கு எங்கயாவது போய் நாலு பேரப் பார்த்துட்டு வர அந்த நிலையங்கள் நல்லதுதான், வீட்டுக்குள்ளயே கெடக்குறதுக்கு அது எவ்வளவோ மேல். ஆனா வருஷத்துல ஒரு கண்காட்சி, பாவம்னு யாராவது ஒரு மெழுகுவர்த்தி வாங்குவாங்க, அது சம்பளம் ஆகாது. கோழிக்குஞ்சு குடுத்தா கடைசியில தண்ணி வைக்குறது அம்மா, தீன் வாங்குறது நீங்க, கோழிக்கு சீக்கு வந்தா கடனும் உங்களுக்கு. தம்பிக்கே கோழி மேல ஆசைன்னா அது வேற.

முதலாளிகிட்ட எப்படிப் பேசுறது? கையக் கட்டிக்கிட்டு "பாவம்யா, ஏதாவது பார்த்துக் குடுங்க"ன்னு போகாதீங்க, அப்படிக் கேட்டா பாவத்துக்குத்தான் குடுப்பாங்க, 300 ரூபா அப்படி வந்ததுதான். முதல்ல போய் அவங்க வேலை எடத்தப் பாருங்க, நல்ல வேலைக்காரங்க நேரம் எதுல வீணாப் போகுதுன்னு கேளுங்க. ஹோட்டல்னா சமைக்குறவங்க, ரூம் துப்புரவு பண்ணுறவங்கன்னு எல்லாரும் இடையில இடையில ஓடிவந்து டவல் மடிப்பாங்க, அந்த மடிக்குற வேலைய மட்டும் எல்லார்கிட்ட இருந்தும் பிரிச்சு ஒரு ஆளுக்குக் குடுத்தா மத்தவங்க தங்களோட வேலையப் பார்க்கலாம், அந்த ஒரு ஆளு என் தம்பி, அவரு மடிக்குற வீடியோ இந்தா இருக்கு, முதல் மாசம் நானோ ஒரு உத்தியோகத்தரோ கூட நின்னு பழக்குவோம், சரிவரலன்னா நானே கூட்டிட்டுப் போயிடுறேன்னு சொல்லுங்க. முதலாளிக்கும் பயம் இருக்கும், கோவம் வந்தா என்ன செய்யுறது, விழுந்தா யாரு பொறுப்புன்னு, அதுக்கு டொக்டர் லெட்டரும் உங்க போன் நம்பரும் கையில இருக்கணும். அங்க வேலை செய்யுறவங்கள்ல பொறுமையான ஒரு ஆளப் பார்த்து வைங்க, நீங்க வெலகுனப்பொறகு தம்பி யாருகிட்ட போய் "இது எப்படி?"ன்னு கேப்பாருன்னு முதல் கிழமையிலயே தெரியணும். பிரதேச செயலகத்துல சமூக சேவை உத்தியோகத்தரப் போய்ப் பாருங்க, அங்கேயே மனிதவள உத்தியோகத்தரும் இருப்பாங்க, ரெண்டு பேருக்கும் எழுத்துல குடுங்க, தமிழ்லயே குடுங்க, தமிழும் அரச கரும மொழிதான். நுவரெலியாவுல மென்காஃபெப் மாதிரி இந்தப் புள்ளைங்களோட வேலை செய்யுற நிறுவனம் இருக்கு, அங்கயும் ஒரு தடவை போய் விசாரிங்க. பெரிய கம்பனி, பெரிய ஹோட்டல்னா இலங்கை முதலாளிமார் சம்மேளனத்துல மாற்றுத்திறனாளிகள வேலைக்கு எடுக்குறதுக்குன்னே ஒரு வலையமைப்பு இருக்கு, அதச் சொன்னா எச்.ஆர். காரங்களுக்கு வெளங்கும்.

சட்டமும் தெரிஞ்சு வச்சுக்குங்க. 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம், ஊனத்தக் காரணம் காட்டி வேலைக்கு எடுக்குறதுல பாகுபாடு காட்டக் கூடாதுன்னு சொல்லுது. ஐ.நா.வோட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சாசனத்தையும் 2016ல இலங்கை ஏத்துக்கிடுச்சு, அதுல 27ஆவது பிரிவு வேலை உரிமை பத்தினது. அரச வேலையில 3 வீதம் ஒதுக்கணும்னு 1988லயே சுற்றறிக்கை வந்துச்சு, ஆனா தேவையான தகைமை இருக்கணும்னு அதுலயே இருக்கு, ஓ.எல். எழுதாத தம்பிக்கு அந்தக் கதவு தெறக்கும்னு பொய் நம்பிக்கை குடுக்க எனக்கு மனசு வருதில்ல. தனியார் எடத்துலதான் தேடணும்.

சம்பளத்துல விட்டுக் குடுக்காதீங்க. இலங்கையில ஆகக் கொறைஞ்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரல்ல இருந்து 27,000, 2026 ஜனவரில இருந்து 30,000. தம்பியால முழு நாளும் நிக்க ஏலாதுன்னா நேரத்தக் கொறைங்க, ரேட்டக் கொறைக்காதீங்க. தொடக்கத்துல கிழமைக்கு மூனு நாள், நாளைக்கு மூனு மணித்தியாலம், அதுக்குரிய காசு. ஒரு மாசம் பார்த்துட்டு மெல்லக் கூட்டலாம். பழகுறதுக்குன்னு சும்மா வச்சுக்குற நாளுக்கு ஒரு முடிவுத் தேதி முதல் நாளே எழுதி வாங்குங்க, இல்லாட்டிப் "பழகிட்டு இருக்கான்"னு சொல்லியே ரெண்டு வருஷம் ஓட்டிடுவாங்க. வேலையில சேர்ந்த நாள்ல இருந்தே ஈ.பி.எப்.ங்குற சேமலாப நிதிக்கு அவரு பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12, அதோட ஈ.டி.எப்.ங்குற நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3, தோட்டத்துப் பெரட்டுல பேர் பதிஞ்சு வேலை செய்யுற ஆளுக்கு எப்படியோ இவருக்கும் அப்படித்தான். காசு தம்பி பேர்ல பேங்க்ல விழணும், முதல் சம்பளத்துல கொஞ்சமாவது அவரு கையால எடுத்து, அவருக்குப் புடிச்சத அவரே கடையில காசு குடுத்து வாங்கட்டும், அது ஐஸ்கிரீமா இருந்தாலும் சரி, தலைக்கு ஜெல்லா இருந்தாலும் சரி.

கொடுப்பனவு, அது குடும்ப வருமானத்தப் பார்த்துக் குடுக்குறது, அதனால வேலையில சேர முன்னாடியே சமூக சேவை உத்தியோகத்தர்கிட்ட இந்தச் சம்பளம் வந்தா என்ன ஆகும்னு கேட்டு எழுத்துல வாங்கி வைங்க, வாய்ப்பேச்சுல விடாதீங்க. நின்னாக்கூட ஒழுங்கான சம்பளமும் ஈ.பி.எப்.பும் வர்ற வேலை அத விடப் பெருசு, ஆனா கணக்குப் பார்த்துட்டுத்தான் முடிவெடுக்கணும்.

அம்மாவோட பயம் எனக்கு வெளங்குது. பஸ்ல தொலைஞ்சிடுவான், யாராவது கேலி பண்ணுவாங்க, கை வைப்பாங்க, இது எல்லாம் நடக்குற விஷயம்தான். பஸ் பழக்குறத வேலை தொடங்க முன்னாடியே தொடங்குங்க, முதல்ல பக்கத்துல இருந்து, பொறகு ரெண்டு சீட் தள்ளி, பொறகு எறங்குற எடத்துல நின்னு காத்துக்கிட்டு. வழக்கமான பஸ் வரலன்னா என்ன செய்யணும்னும் பழக்கணும், அதுலதான் நெறையப் பேரு தடுமாறுறாங்க. சேர்ட் பொக்கட்டுல பேரும் நம்பரும் எழுதுன அட்டை. யாராவது தொடக் கூடாத எடத்துல தொட்டா கத்தலாம், வேலைய விட்டுட்டு ஓடி வரலாம், அக்கா ஏசமாட்டேன்னு அவருக்குத் திரும்பத் திரும்பச் சொல்லி வைங்க, பெரிய ஆளுங்க சொன்னா கேக்கணும்னு மட்டுமே சொல்லி வளர்த்த புள்ளைங்கதான் மாட்டிக்குறாங்க.

அப்பா அம்மாவுக்குப் பொறகுன்னு கேட்டீங்களே, அந்தப் பாரம் முழுக்க உங்க தலையில விழணும்னு இல்ல தங்கச்சி. ஒரு எடத்துக்கு நாளாந்தம் வேலைக்குப் போற ஆளுக்கு லயத்துக்கு வெளியிலயும் நாலு பேரு இருப்பாங்க, ஒரு நாள் வரலன்னா "எங்க காணல?"ன்னு போன் எடுப்பாங்க. பேங்க் புத்தகம், அடையாள அட்டை, கிளினிக் கொப்பி மூனும் தம்பி பேர்ல ஒழுங்கா இருக்கணும், இப்பவே பார்த்து வைங்க. இந்தக் கிழமை ஆஸ்பத்திரி, அடுத்த சனிக்கிழமை ஒரு வேலை எடம், அதுக்கப்புறம் அந்தக் கொப்பியில எழுதுனத எனக்கு அனுப்புங்க. எந்தப் படத்துல கைய வச்சாருன்னும் எழுதுங்க, முதலாளிக்குக் குடுக்க வேண்டிய லெட்டர நான் எழுதித் தர்றேன்.